வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

இதை எழுதுவதை இரண்டு தீபாவளிகளாகத் தள்ளிப்போட்டுவந்தேன். எழுதினால், ஏழைகளுக்குச் சோறு போடுகிறவள் என்று தம்பட்டம் அடித்துக்கொள்வதுபோல் ஆகும். இல்லாவிட்டால், செய்த தப்பை நானே ஒப்புக்கொண்டு அதற்கும் ஒரு பாராட்டு வாங்கிக்கொள்வதுபோல் ஆகும். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஐப்பசி பிறந்து, மின்ட் தெருவில் இனிப்புக் கடைக்காரர்கள் கடைக்கு வெளியே பலகை போட்டுப் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்ததும், "அண்ணி, இந்த வருடம் எத்தனை பொட்டலம்?" என்று என் கொழுந்தன் மாடியிலிருந்து குரல் கொடுத்ததும், ஒரு பழைய பதில் தொண்டையில் மீன்முள்போல வந்து நிற்கிறது. யாரோ எனக்குச் சொன்ன பதில் அல்ல. நான் ஒருத்திக்குச் சொன்னது. மூன்றே சொற்கள். தலைப்பில் இருப்பவைதான்.

எங்கள் வீடு சென்னை ஏழுகிணற்றில் இருக்கிறது. கீழே நாங்களும் மாமியாரும், மாடியில் கொழுந்தன் குடும்பமும். என் கணவருக்கு ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடை ஒன்றில் வேலை. வால்டாக்ஸ் சாலைக்கு நடந்தால் பத்து நிமிடம். அங்கே பொட்டலம் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் தர்மசிந்தனையால் தொடங்கவில்லை. மாமனார் இறந்த வருடம் எங்களுக்குப் பண்டிகை கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. தெருவே வெடித்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நாலு பேருக்குச் சோறாவது போடலாம்" என்று சொன்னது மாமியார்தான். ஆறு கிலோ அரிசியில் பிரிஞ்சி கிளறி, நாற்பது டப்பாக்களில் அடைத்து, இரண்டு கட்டைப் பைகளில் தூக்கிக்கொண்டு போனோம். அடுத்த வருடம் பண்டிகை திரும்பிவந்தது, பொட்டலமும் நிற்கவில்லை. காலையில் இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, புது உடுப்போடு போய் நாற்பது பொட்டலம் கொடுத்துவந்தால்தான் தீபாவளி முடிந்தது என்று பிள்ளைகளுக்கே பழகிவிட்டது.

வால்டாக்ஸ் சாலையின் பெயர் ஒரு வேடிக்கை. 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து முற்றுகையிட்டுப் போன பிறகு, கறுப்பர் நகரம் என்று அப்போது அழைக்கப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றிக் கிழக்கிந்தியக் கம்பெனி மதில் எழுப்பியது. அந்தச் செலவை உள்ளே குடியிருந்தவர்கள் தலையில் 'வால் டாக்ஸ்', அதாவது மதில் வரியாகக் கட்டப் பார்த்தது. வரி வசூலாகவில்லை, மதிலும் பெரும்பாலும் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது அந்தச் சாலையில் சுவர் என்று இருப்பவை கிடங்குகளின் சுவர்களும் ரயில்வேயின் சுற்றுச்சுவரும்தான். அவற்றில் முதுகைச் சாய்த்துக் குடும்பங்கள் இருக்கின்றன. ஏதோ நேற்று வந்து இறங்கியவர்கள் இல்லை. கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்க வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். மொத்தக் காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது, இவர்கள் போகவில்லை. மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், கடைகளைக் கூட்டுகிறார்கள், பூக் கட்டுகிறார்கள். ரேஷன் கார்டு இருக்கிறது, வாக்காளர் அட்டை இருக்கிறது, கூரை இல்லை. 2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 28ஆம் தேதி இரவு ஒரே மூச்சில் இப்படிப்பட்டவர்களை எண்ணினார்கள்; நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. நடைபாதையில், மேம்பாலத்தின் அடியில், குழாய்களுக்குள், கோயில் மண்டபத்தில் படுத்திருந்தவர்கள் எல்லாம் அதில் அடக்கம். கணக்கெடுப்பில் வீடற்றவர்கள், பத்திரிகையில் நடைபாதைவாசிகள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது 'பிளாட்பாரத்து ஜனங்கள்'.

பொட்டல வெள்ளம்

பொட்டலம் கொடுக்கும் வேலையில் ஒரு சுகம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். கை நீட்டுகிறார்கள், வைக்கிறோம், ஒரு சிரிப்பு, அடுத்த கை. ஒன்றரை மணி நேரத்தில் பை காலி. திரும்பி நடக்கும்போது உடம்பே லேசாகிவிடும். முதல் இரண்டு வருடம் அந்தச் சுகத்தில் நான் வேறு எதையும் பார்க்கவில்லை. மூன்றாவது வருடம் கொழுந்தனின் வண்டி பஞ்சரானதால் அங்கேயே ஒரு மணி நேரம் நிற்க நேர்ந்தது. அப்போதுதான் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு கார் வந்தது, பிறகு ஒரு வேன். ஒரே நிறத்தில் பனியன் போட்ட இளைஞர்கள் பத்துப் பேர் வந்தார்கள். ஒரு குடும்பம் லட்டுப் பெட்டியோடு வந்து, ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு கைகள் பிடித்திருக்கும்படி படம் எடுத்துக்கொண்டது. படம் சரியாக வராததால் கொடுத்த பெட்டியை வாங்கி இன்னொரு முறை கொடுத்தது. ஒரு மணிக்குள் ஏழு கூட்டம். ஒரு கிழவரின் பக்கத்தில் எட்டு டப்பாக்கள் கோபுரமாக இருந்தன. தெருநாய்கள் முகர்ந்து பார்த்துவிட்டு அலுப்போடு நகர்ந்தன. வெயிலில் பிரியாணி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று ஊருக்கே தெரியும்.

மறுநாள் நான் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். ஒரு ஈ, காக்கை இல்லை. சவுகார்பேட்டைக் கடைகள் பூட்டிக் கிடந்தன, மூட்டை இல்லை, கூலி இல்லை, டீக்கடைகூடத் திறக்கவில்லை. பண்டிகைக்கு மறுநாள்தான் அங்கே உண்மையாகவே வயிறு காய்கிறது. ஊர் முழுவதும் முந்தைய நாள் மதியத்துக்குள் தன் கடமையை முடித்துவிட்டது. வள்ளலார் சென்னையில் வாழ்ந்த வீராசாமிப் பிள்ளைத் தெரு எங்களுக்குக் கூப்பிடு தூரம். அவர் 1867இல் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை என்று மாமியார் பெருமையாகச் சொல்வார். அவர் தெருக்காரர்களான எங்களுடைய அடுப்பு வருடத்தில் ஒரு ராத்திரி எரிந்தது. அதையும் ஏழு பேர் ஒரே நேரத்தில் எரித்தோம்.

இதைப் புரிந்துகொண்டதும் நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டவள்போல, அடுத்த தீபாவளிக்கு முன்பே போய் எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் வருகிறார்கள் என்று கணக்கெடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு. அந்தப் போக்கில்தான் பூக்காரம்மாவிடம் போய் நின்றேன்.

இரண்டு குடம்

பூக்காரம்மாவை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். என்னைவிட ஏழெட்டு வயது சிறியவள், ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் அவள் பூக்காரம்மாதான். என்னை அக்கா என்பாள். புழலும் சோழவரமும் செம்பரம்பாக்கமும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த 2019 கோடையில் அவள் எங்களுக்கு உறவுக்காரி மாதிரி ஆகிவிட்டாள். ஏழுகிணறு என்ற பெயரே 1772இல் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோவதற்காக வெட்டிய கிணறுகளால் வந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நாங்கள் குடத்தோடு லாரிக்காகக் காத்துக் கிடந்தோம். எந்த லாரி எந்த முனைக்கு எத்தனை மணிக்கு வரும் என்பது பிளாட்பாரத்துப் பெண்களுக்குத்தான் தெரியும். ஒரு நாள் நான் போவதற்குள் லாரி வந்து போய்விட்டது. அவள் தன் வரிசையில் இருந்த பச்சைக் குடம் இரண்டைத் தூக்கி என் பக்கம் வைத்து, "பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும் இல்லையா, எடுத்துப் போங்கள் அக்கா, குடத்தை மெதுவாகக் கொடுங்கள்" என்றாள். நான் எடுத்துப் போனேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று அவள் சொல்லவில்லை.

அன்றைக்கு அவள் சுவரை ஒட்டிப் போட்ட கோணியில் உட்கார்ந்து கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள். பண்டிகை நேரம், மடி நிறைய வேலை. நான் கணக்குக் கேட்டதும் சிரித்தாள். "பொட்டலம் எதற்கு அக்கா? போன வருடம் எங்கள் மூன்று பேருக்குப் பதினொன்று வந்தது. வாங்காவிட்டால் கொடுக்க வந்தவர்களுக்கு முகம் வாடுகிறது, அதனால் வாங்கி வைத்துக்கொள்கிறோம்." இட்லி 1 ரூபாய்க்கும் சாம்பார் சாதம் 5 ரூபாய்க்கும் அம்மா உணவகத்தில் 2013இலிருந்து கிடைக்கிறது என்பதை நானே அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு வேளைச் சோற்றுக்கு அவள் என்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. நார் அறுந்தது. பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"ஒன்று கேட்கட்டுமா அக்கா? தப்பாக நினைக்கக் கூடாது. அன்றைக்கு விடியற்காலையில் உங்கள் வீட்டுக் குளியலறையில் பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டு போகட்டுமா? அரை மணி நேரம்தான். பெரியவளாகிவிட்டாள். போன வருடம் வரைக்கும் பாவாடையைக் கட்டிக்கொண்டு அடிகுழாயடியில் உட்கார்ந்துவிடுவாள். இப்போது மாட்டேன் என்கிறாள். எண்ணெய், சீயக்காய் எல்லாம் நாங்களே கொண்டுவந்துவிடுவோம்."

கடைசி வாக்கியம்தான் இன்னமும் என்னைக் குத்துகிறது. எண்ணெயும் சீயக்காயும் அவர்களே கொண்டுவந்துவிடுவார்கள். கேட்டது நான்கு சுவரும் ஒரு தாழ்ப்பாளும்.

அந்த ஒரு நிமிடத்தில் என் மனம் போட்ட கணக்கை அப்படியே எழுதுகிறேன். குளியலறை பின்கட்டில் இருக்கிறது. அங்கே போக வேண்டுமானால் கூடத்தையும் சமையலறையையும் தாண்ட வேண்டும். மாமியார் என்ன சொல்வார்? விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் வீட்டில் ஐந்து பேர் குளிக்க வேண்டும், தொட்டியில் தண்ணீர் போதுமா? இவளுக்குச் சரி என்றால், பக்கத்தில் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த இரண்டு பெண்களும் கேட்பார்களே? கீழ்வீட்டுச் சாவி, பீரோ, பண்டிகைக்கு எடுத்துவைத்த நகை. ஆமாம், நகையும் மனதில் வந்தது. எனக்கு இரண்டு குடம் தண்ணீர் கொடுத்தவளைப் பார்த்துக்கொண்டே வந்தது.

"வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

"கேட்டுப் பாருங்கள் அக்கா, அவசரமில்லை" என்றாள். நாளை மறுநாள் தீபாவளி. அதன்பின் பூவைப் பற்றியும் விலையைப் பற்றியும் ஏதோ பேசினோம். இரண்டு முழம் வாங்கிக்கொண்டு வந்தேன். காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன், நல்லவேளை, வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் நான் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். அந்த இரண்டு நாளும் கடைத்தெருவுக்குப் போக நேர்ந்தபோதெல்லாம் வால்டாக்ஸ் சாலையைத் தொடாமல் மின்ட் தெரு வழியாகச் சுற்றிப் போனேன். தீபாவளிக்கு முந்தைய இரவு வழக்கம்போல அண்டாவை ஏற்றினோம். பட்டையும் கிராம்பும் நெய்யில் பொரியும் வாசனையில், தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டே, காலையில் போய்ப் பார்க்கும்போது என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

காதுக்குப் பின்னால்

காலையில் தூறல். பத்தரை மணிக்குப் போனோம். பொட்டலம் வாங்கப் பூக்காரம்மா எழுந்து வரவில்லை. என் மகள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் பெண் புதுச் சுடிதாரில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என் மகளைவிட ஒரு வயது சிறியவளாக இருப்பாள். தலைமுடி ஈரமாக இருந்தது, ஆனால் குளித்த தலை இல்லை. நெற்றி ஓரத்தில் எண்ணெய் அப்படியே வழிந்து காய்ந்திருந்தது. காதுக்குப் பின்னால் சீயக்காய்த் தூள் பச்சையாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. அதை அவள் ஈர விரலால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எதுவும் கேட்காமலேயே பூக்காரம்மா சொன்னாள். "மூன்று மணிக்கே முடித்துவிட்டோம் அக்கா. இரண்டு பேர் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு லாரிக்காரன் விளக்கைப் போட்டான். பாதியில் எழுந்து ஓடிவந்துவிட்டாள்." குரலில் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. கடைத்தெருவில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்வதுபோலச் சொன்னாள். பொட்டலத்தைத் தன் பக்கத்தில் இருந்த மற்றப் பொட்டலங்களின்மேல் வைத்தாள். எங்களுடையது அன்றைக்கு நான்காவது.

'பண்டிகையில் வீடற்றவர்களுக்கு உதவி' என்று நாம் ஆளாளுக்குப் பேசுகிறோமே, அந்தப் பேச்சில் அவர்களுக்கும் அதே நாள் பண்டிகை என்பது ஞாபகத்தில் இருப்பதில்லை. நமக்குத் தீபாவளி, அவர்களுக்குப் பசி என்று பிரித்துவைத்திருக்கிறோம். அவளும் பெண்ணுக்குப் புதுத்துணி எடுத்திருந்தாள், மஞ்சள் தடவியிருந்தாள், எண்ணெய் காய்ச்சியிருந்தாள். அவளிடம் இல்லாதது, நாங்கள் யாரும் டப்பாவில் அடைத்துக் கொண்டுபோகாதது. காப்பகம் இருக்கிறதே என்று கேட்பார்கள். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருடம் முழுவதும், இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. அந்த உத்தரவு இல்லாவிட்டால் இப்போது இருப்பவைகூட வந்திருக்காது. ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. ஒரு மழைக்கு அவள் போய்ப் பார்த்திருக்கிறாள். புருஷன் ஒரு பக்கம், இவளும் பெண்ணும் ஒரு பக்கம், சட்டி பானையும் பூக்கூடையும் பிளாட்பாரத்தில் காவல் இல்லாமல். மூன்றாம் நாள் திரும்பிவிட்டாள். ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கிடைத்துப் போன அவள் அக்காவும், பூக்கடையிலிருந்து அத்தனை தொலைவில் என்ன தொழில் செய்வது என்று பாதி நாள் இங்கேதான் வந்து படுக்கிறாள்.

மாமியார் சொன்னது

மார்கழியில் ஒரு மத்தியானம் நானும் மாமியாரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். பேச்சோடு பேச்சாக இதைச் சொல்லிவிட்டேன். சொல்லும்போதுகூட, 'உங்களுக்குப் பிடிக்காது என்பதால்தான்' என்ற பொருள் வரும்படி வாக்கியத்தைக் கொஞ்சம் வளைத்துத்தான் சொன்னேன்.

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. "என்னிடம் நீ கேட்கவே இல்லையே" என்றார்.

"நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று..."

"ஒத்துக்கொண்டிருக்க மாட்டேனோ என்னவோ. அது நீ கேட்டபின் நான் சொல்ல வேண்டியது. நீயே கேட்டு, நீயே மாட்டேன் என்று சொல்லி, பழியை என் தலையில் வைத்துக்கொண்டாய்." கொஞ்ச நேரம் கழித்து, "வயசுப் பெண்ணை ரோட்டில் குளிக்கவிட்டுவிட்டாயேடி" என்றார். மாமியார் என்னை டி போட்டுப் பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் இரண்டாவது முறை.

இருபது வருடமாக எங்கள் வீட்டில் எனக்குச் செய்யப் பிடிக்காத எல்லாவற்றுக்கும் மாமியார்தான் காரணம் என்று வெளியே சொல்லிவந்திருக்கிறேன். சீட்டுப் போட அழைத்தால் மாமியார், வேண்டாத விருந்துக்கு அழைத்தால் மாமியார். அவருக்கே தெரியாமல் அவர் எனக்கு எத்தனை கதவுகளைச் சாத்திக் கொடுத்திருக்கிறார்!

மண்ணடியில் என் பள்ளித் தோழி இருக்கிறாள். ரமலான் நோன்புக் கஞ்சி வருடா வருடம் அவள் வீட்டிலிருந்து தூக்குவாளியில் வரும். அவளிடமும் சொன்னேன். அவள் ஃபித்ராவைப் பற்றிச் சொன்னாள். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு தலைக்கும், கைக்குழந்தைக்குக்கூடக் கணக்குப் போட்டு, குறிப்பிட்ட அளவு தானியத்தையோ அதன் விலையையோ கொடுக்க வேண்டும். அதுவும் பெருநாள் தொழுகைக்கு முன்பே. "தொழுகை முடிந்து கொடுத்தால் அது சாதாரண தர்மம், ஃபித்ரா இல்லை" என்றாள். "அவர்கள் வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு எரிய வேண்டும் இல்லையா? நாம் சாப்பிட்டு முடித்தபின் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்கள் எப்போது சமைப்பார்கள்?" எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் போவது பத்தரை மணிக்கு. இட்லியும் கறிக்குழம்பும் முடிந்து.

அடுத்த வருடம்

அடுத்த வருடம் அண்டாவை ஏற்றவில்லை. மூன்று வாரம் முன்பே போய் என்ன வேண்டும் என்று கேட்டேன். பூக்காரம்மா அக்கம்பக்கத்தில் கலந்து பேசிச் சொன்னாள். உளுந்து, எண்ணெய், வெல்லம். நான் நினைத்தே பார்க்காத ஒன்று: விறகு. "மழையில் எல்லாம் நனைந்து போகிறது அக்கா. காய்ந்த விறகு இருந்தால் வடை நாங்களே சுட்டுக்கொள்வோம்." நனையாமல் மூட ஒரு தார்ப்பாய். மறுநாளைக்கும் மூன்றாம் நாளைக்கும் அரிசி.

காசாகக் கொடுத்துவிடலாமே, அவர்களே பார்த்து வாங்கிக்கொள்வார்களே என்றேன். கொழுந்தன் பிடித்துக்கொண்டான். "காசு கொடுத்தால் ஆம்பளைகள் குடித்துவிடுவார்கள் அண்ணி." போனஸ் வந்த அன்றைக்கு இவன் மொட்டை மாடியில் நண்பர்களோடு என்ன செய்துகொண்டிருந்தான் என்பது எனக்கும் தெரியும், அவன் மனைவிக்கும் தெரியும், காலையில் பாட்டில்களை எடுத்துப்போகும் பழைய பேப்பர்க்காரருக்கும் தெரியும். அதைச் சொல்லவில்லை, பண்டிகை நேரம். பாதியைப் பொருளாகவும் பாதியைப் பணமாகவும் பூக்காரம்மா கையில் கொடுப்பது என்று சமரசமானது. யாராவது குடித்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

குளியல் விஷயத்தை நானே எடுத்தேன். "வீட்டில் கேட்டுவிட்டேன், பெண்ணை அழைத்துக்கொண்டு வா" என்றேன். ஒரு வருடம் கழித்துக் கேட்டுவிட்டேன் என்கிறேனே என்று அவள் சிரிக்கவில்லை. பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். பெண் செல்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "நான் யார் வீட்டுக்கும் போக மாட்டேன்" என்றாள். பத்தாம் வகுப்பு. அந்த வயதில் என் மகளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். நான் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் இருக்கும் பொதுக் குளியலறையைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் பேசி, அன்றைக்கு ஆறு மணிக்குப் பதில் மூன்றரைக்குத் திறக்க ஒத்துக்கொள்ளச் செய்தாள் பூக்காரம்மாவே. நான் கொடுத்தது அந்த ஆளுக்கு ஒரு வேட்டியும் ஒரு கிலோ இனிப்பும். பெண்கள் பக்கத்தில் ஒரு விளக்கு எரியவில்லை. என் கணவர் போய் மாட்டிவிட்டு வந்தார். பல்பு நூறு ரூபாய்கூட இல்லை. இத்தனை வருடமாக நாங்கள் அடைத்த பிரிஞ்சியின் கணக்கை அவர் வரும் வழியில் மனதுக்குள் போட்டுப் பார்த்திருப்பார், முகத்தில் தெரிந்தது.

இது நல்ல ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கதவைத் திறக்காமலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்ற நிம்மதியும் அதில் கலந்திருந்தது என்பதிலும் சந்தேகமில்லை.

அன்று விடியற்காலை நாலே கால் மணிக்கு அழைப்பு மணி அடித்தது. நாங்கள் இன்னும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவில்லை. கதவைத் திறந்தால் பூக்காரம்மா, கையில் அவள் அம்மாவைப் பிடித்துக்கொண்டு. "அங்கே தரை வழுக்குகிறது அக்கா. இவளால் குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை. நீங்கள்தான் வரச் சொன்னீர்களே" என்றாள். பெண்ணைத்தான் வரச் சொன்னேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் மாமியார் உள்ளேயிருந்து, "யாராக இருந்தாலும் உள்ளே வரச் சொல், பனி இறங்குகிறது" என்றார்.

கிழவி கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, சுவரைப் பிடித்துக்கொண்டே போனாள். மணையில் உட்காரவைத்தார்கள். மூத்தவர்கள்தான் இளையவர்களுக்கு எண்ணெய் வைக்க வேண்டும் என்பதால், யார் மூத்தவர் என்று மாமியாருக்கும் அவளுக்கும் ஒரு சின்ன வழக்கு நடந்தது. வெள்ளைக்காரன் போன வருடம் தான் கைக்குழந்தை என்றாள் கிழவி. அப்படியானால் எனக்குத்தான் நீ வைக்க வேண்டும் என்றார் மாமியார். எனக்குக் கை நடுங்குகிறது என்றாள் அவள். கடைசியில் பூக்காரம்மா வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நாற்பது நிமிடம் ஆனது. கீசரில் இருந்த வெந்நீர் முழுவதும் தீர்ந்தது. என் கணவர் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, தும்மிக்கொண்டே புதுச் சட்டை போட்டுக்கொண்டார். சாக்கடைத் துளையில் சீயக்காயும் முடியும் அடைத்துக்கொண்டு, நான் குச்சியை விட்டுக் குத்தி எடுக்க வேண்டியிருந்தது. ஆறு மணிக்குப் பட்டாசு ஆரம்பித்த பிறகும் எங்கள் வீட்டில் பாதிப் பேர் குளிக்கவில்லை, பிள்ளைகள் கத்தினார்கள். "அடுத்த வருடம் மூன்றரைக்கே வரச் சொல்" என்று எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே மாமியார் சொன்னார். "கீசரை நீ மூன்று மணிக்குப் போட்டுவிடு."

கிழவி தன் மரச்சீப்பைக் குளியலறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு பல் உடைந்த சீப்பு. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.